சோயாப் பாலா, பசுப் பாலா? பக்கற்றின் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்களில் சோயாப் பால் அடிக்கடி பேசப்படுகிறது. பசுப் பாலுக்கு நிகர் என்று ஒருவர் எழுதுகிறார். அதனிலும் மேல் என்று இன்னொருவர். ஆண்பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று மூன்றாமவர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடைத் தட்டுக்கு முன்னால் நின்று, பால்மா விலையையும் சோயாப் பால் விலையையும் மாறி மாறிப் பார்க்கும் ஒரு தாய்க்கு இவற்றில் எதுவும் உதவாது. சோயாப் பால் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒரே பொருள் அல்ல. அவர் எந்தப் பக்கற்றைக் கையில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே பதில் மாறும். அதை எப்படிப் பார்ப்பது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கோப்பை என்பதை 200 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு நீக்காத பசுப் பால் ஒரு கோப்பையில் சுமார் 125 கிலோ கலோரி, ஆறரை கிராம் புரதம், அதே அளவு கொழுப்பு, ஒன்பது கிராமுக்குச் சற்று மேலாகப் பாலுக்கே உரிய லக்டோஸ் என்ற சர்க்கரை, 230 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கும். சீனி சேர்க்காத சோயாப் பாலில் 70 முதல் 85 கிலோ கலோரி, ஆறு முதல் ஏழு கிராம் புரதம், நாலு கிராமுக்குள் கொழுப்பு, மிகச் சொற்பச் சர்க்கரை. பசுப் பாலின் கொழுப்பில் பாதிக்கு மேல், அதாவது நாலு கிராம் வரை, நிறைவுற்ற கொழுப்பு. சோயாவில் அது அரை கிராமைச் சுற்றியே நிற்கும். கொலஸ்ட்ரோல் அறவே இல்லை. இரும்புச் சத்தும் சோயாவில்தான் கூட. பசுப் பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லிவிடலாம்.

புரதத்தைப் பொறுத்தவரை சோயாப் பாலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தாவரப் பால்களில் பசுப் பாலோடு ஒரே வரிசையில் நிற்கக் கூடியது இது ஒன்றுதான். அமெரிக்க அரசின் 2020-2025 உணவு வழிகாட்டியும், கல்சியம் முதலியவை சேர்த்த சோயாப் பானத்தை மட்டுமே பால் வகைக்குள் எடுத்தது. பாதாம், அரிசி, ஓட்ஸ் பானங்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. பாதாம் பானம் ஒரு கோப்பையில் பெரும்பாலும் ஒரு கிராம் புரதம்தான் இருக்கும். நம் வீட்டுத் தேங்காய்ப் பாலையும் பிள்ளைக்குப் பசுப் பாலின் இடத்தில் வைக்க முடியாது. அதில் கொழுப்பு நிறைய, கல்சியம் கொஞ்சம். சோயாப் புரதத்தில் சற்றுக் குறைவாக இருப்பது மெதியோனைன் என்ற அமினோ அமிலம். சோறு, இடியப்பம், பாண் என்று தானியம் சாப்பிடும் வீட்டில் அந்தக் குறை தானாகவே நிரவிவிடும். 1973 முதல் நம் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா என்ற சத்துமாவில் சோளமும் சோயாவும் பால்மாவும் ஒன்றாகச் சேர்வதில் இந்தப் பொருத்தமும் இருக்கிறது. சோயாவைப் பாலின் எதிரியாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் பின்னாளில்தான் வந்தது.

சிக்கல் கல்சியத்தில்தான். சோயா அவரையை அரைத்து வடித்த பாலில் இயற்கையாக உள்ள கல்சியம் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 25 மில்லிகிராம். ஒரு கோப்பைக்கு 50. பசுப் பால் ஒரு கோப்பை தருவதைப் பெற நாலரைக் கோப்பைக்கு மேல் குடிக்க வேண்டும். போதாததற்குச் சோயாவிலுள்ள பைற்றேற்று, இருக்கும் கல்சியத்திலும் இரும்பிலும் ஒரு பங்கை உடலுக்குச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். வளர்ந்தவருக்கு ஒரு நாளுக்கு 1000 மில்லிகிராம் அளவும், வளரும் பதின்ம வயதுப் பிள்ளைக்கு 1300 வரையும் கல்சியம் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஆகவே உற்பத்தியாளர்கள் கல்சியத்தை வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். சிலர் சேர்ப்பதில்லை. இரண்டும் ஒரே தட்டில், ஏறக்குறைய ஒரே படத்தோடு இருக்கும். முன்பக்கத்தில் உள்ள பசுமையான எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைத் தேடுங்கள். கல்சியம் கார்பனேற்று அல்லது ட்ரைகல்சியம் பொஸ்பேற்று என்று எழுதியிருந்தால் சேர்க்கப்பட்டிருக்கிறது. தண்ணீர், சோயா அவரை, சீனி, உப்பு, வாசனை என்று முடிந்துவிட்டால் இல்லை. அடுத்ததாகச் சத்து அட்டவணையில் 100 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பசுப் பாலின் அளவு. சில பக்கற்றுகளில் மில்லிகிராம் இருக்காது, நாளாந்தத் தேவையில் இத்தனை வீதம் என்று மட்டும் இருக்கும். அங்கே கவனம் வேண்டும். ஐரோப்பியக் கணக்கில் 100 வீதம் என்பது 800 மில்லிகிராம். இப்போதைய அமெரிக்கக் கணக்கில் 1300. ஒரே 15 வீதம் ஒன்றில் 120 ஆகவும் மற்றதில் 195 ஆகவும் வரும். அந்த வீதம் 100 மில்லிலீற்றருக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதும் முக்கியம். ஐரோப்பாவிலிருந்து வரும் 'ஓர்கானிக்' சோயாப் பாலில் பெரும்பாலும் கல்சியம் சேர்ந்திருக்காது, ஏனென்றால் அங்குள்ள ஓர்கானிக் விதிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. விலை கூடியது என்பதற்காகச் சத்தும் கூடியது என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சேர்த்த கல்சியம் உடலில் சேருமா என்றால், கல்சியம் கார்பனேற்று பசுப் பாலின் கல்சியத்தைப் போலவே உறிஞ்சப்படுகிறது. ட்ரைகல்சியம் பொஸ்பேற்று சற்றுக் குறைவாக. ஆனால் இரண்டுமே பாலில் கரைவதில்லை, தூளாக மிதந்து கீழே இறங்கிவிடும். ஒரு லீற்றர் பெட்டியை ஆட்டாமல் ஊற்றிக் குடித்து முடித்தபின் பெட்டியை வெட்டிப் பாருங்கள். அடி மூலைகளில் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கல்சியம் அது. ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து நன்றாகக் குலுக்கிய பின்பே ஊற்ற வேண்டும். பிரிட்ஜில் இரண்டு நாள் அசையாமல் இருந்ததென்றால் இன்னும் கூடுதலாகக் குலுக்க வேண்டும்.

விற்றமின் பி12 பற்றி எழுதுபவர்கள் குறைவு. நம் சமூகத்தில் இதைத்தான் முதலில் பேச வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். ஒரு கோப்பை பசுப் பால் அதில் ஏறத்தாழ 0.9 மைக்ரோகிராமைத் தந்துவிடும். பி12 சேர்க்காத சோயாப் பாலில் அது பூச்சியம். மீனும் முட்டையும் சாப்பிடும் வீட்டில் இது பெரிய விடயம் அல்ல. முழுச் சைவமாக இருக்கும் வீட்டில் பி12 வருவதற்குப் பாலையும் தயிரையும் மோரையும் விட்டால் இயற்கையான உணவில் வேறு வழி இல்லை. அங்கே ஒருவர் கொலஸ்ட்ரோலுக்குப் பயந்து பாலை நிறுத்திவிட்டுச் சோயாவுக்கு மாறினால், குறை உடனே தெரியாது. ஈரலில் உள்ள சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்கும். பிறகு களைப்பு, கைகால் விறைப்பு, ஞாபக மறதி என்று வரும்போது வயது போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள். நீரிழிவுக்கு நீண்ட காலம் மெற்போமின் குளிசை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே பி12 ஐக் குறைக்கும். சைவ உணவு, மெற்போமின், சோயாப் பால் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால், பி12 இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேட்பது அவசியம். பக்கற்றில் பி12 அல்லது சயனோகோபாலமின் என்று எழுதியுள்ள சோயாப் பாலைத் தெரிவு செய்வதும் நல்லது.

வீட்டில் சோயாப் பால் செய்வது பற்றிய குறிப்புகள் பல சுற்றுகின்றன. அவற்றில் முக்கியமான படிகள் விடுபட்டுள்ளன. 100 கிராம் சோயா அவரையை எட்டு முதல் பத்து மணித்தியாலம் ஊற விடுங்கள். கொழும்பு வெக்கையில் பகலில் ஊறவைத்தால் தண்ணீரை ஒரு முறையாவது மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். ஊறியது இரண்டு மடங்குக்கும் மேல் எடை ஏறியிருக்கும்; ஒன்றைப் பிளந்தால் உள்பக்கம் குழியில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு லீற்றர் கொதிதண்ணீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு அவரையை ஐந்து நிமிடம் அவித்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிக் கழுவுங்கள். சோடாவைக் கூட்டினால் சவர்க்கார வாடை வரும், தயமினும் அழியும். பிறகு சூடான தண்ணீர் விட்டே அரைக்க வேண்டும். பச்சை அவரை குளிர்ந்த தண்ணீரில் நசுங்கும்போது அதிலுள்ள லிப்பொக்சிஜினேஸ் என்ற நொதியம் கொழுப்போடு சேர்ந்து அந்தப் பச்சை வாடையை உண்டாக்கிவிடுகிறது. உண்டான பின் எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் போகாது. சூடு 80 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் நொதியம் செயலிழந்துவிடும். பிளெண்டர் சாடியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியை இறுக்கி அடைக்கவும் வேண்டாம். ஆவி தள்ளிச் சூட்டுக் கலவை கையில் தெறிக்கும்.

அரைப்பதற்கும் பிழிவதற்கும் சேர்த்து மொத்தம் ஒரு லீற்றர் தண்ணீர். துணியில் வடித்துப் பிழிந்தால் 850 முதல் 900 மில்லிலீற்றர் கிடைக்கும். புரதம் 3 வீதத்தைச் சுற்றி இருக்கும். தண்ணீரை ஒன்றரை லீற்றராக்கினால் நிறம் வெள்ளையாகத்தான் இருக்கும், புரதம் 2 வீதத்துக்கு இறங்கிவிடும். கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது, அளந்துதான் ஊற்ற வேண்டும்.

இனி வருவதுதான் பலர் தவறவிடும் இடம். அடி கனமான சட்டியில் வைத்துக் காய்ச்சும்போது, உண்மையான கொதி வருவதற்கு முன்பே நுரை பொங்கி விளிம்புவரை ஏறும். பசுப் பால் பொங்கியதும் இறக்கிப் பழகிய கை, இதையும் இறக்கிவிடும். அது கொதி அல்ல. சோயாவிலுள்ள சப்போனின் எழுப்பும் நுரை. அடுப்பைக் குறைத்து, நுரையை அகப்பையால் அடக்கி, குமிழிகள் அடியிலிருந்து எழும் வரை காய்ச்சி, அதன்பின் 15 முதல் 20 நிமிடம் அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே மெல்லக் கொதிக்க விட வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் இருக்கின்றன. அரைகுறையாகக் காய்ச்சிய பால் வயிற்றுப் பிரட்டல், வாந்தி, வயிற்றோட்டம் தரும். அப்போது பழி சோயாமேல் விழும், குறை கொதியில். பிழிந்த சக்கையை எறிய வேண்டாம். நார்ச்சத்தும் மிச்சப் புரதமும் அதில் இருக்கின்றன. ரொட்டி மாவிலோ வடைக் கலவையிலோ சேர்க்கலாம், ஆனால் அதுவும் முழுதாக வேக வேண்டும். காய்ச்சிய பாலைச் சீக்கிரம் ஆற்றி மூடிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மிஞ்சினால் மூன்று நாள். வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இப்படிச் செய்த பாலில் கல்சியமும் பி12 உம் சேரவில்லை என்பதை மறக்கக் கூடாது. கல்சியம் குளிசையைப் பொடித்துப் போட்டால் ஆயிற்று என்று எண்ணுபவர்களும் உண்டு. சூடான சோயாப் பாலில் கரையக் கூடிய கல்சிய உப்பு விழுந்தால் பால் திரிந்துவிடும். தோஃபு செய்வதே அந்த முறையில்தான். கரையாத வகையானால் அடியில் மணல்போலப் படிந்து, ஒரு கோப்பையில் அதிகமாகவும் அடுத்ததில் ஒன்றுமில்லாமலும் போகும். வீட்டுச் சோயாப் பாலை நல்ல புரதப் பானமாகக் குடியுங்கள். கல்சியத்துக்குக் குரக்கன், எள்ளு, முள்ளோடு மெல்லும் நெத்தலி, முருங்கையிலை என்று வேறு வழி வையுங்கள். குரக்கன் 100 கிராமில் 340 மில்லிகிராமை ஒட்டிக் கல்சியம் உண்டு.

பசுப் பால் பக்கத்திலும் ஒரு பெரிய தப்புக் கணக்கு நடக்கிறது. கொழும்பில் பால் என்றால் பெரும்பாலும் பால்மா. பிள்ளை தினமும் பால் குடிக்கிறது என்று சொல்லும் வீட்டில் விசாரித்தால், அது தேநீரில் போட்ட இரண்டு தேக்கரண்டி பால்மாவாக இருக்கும். குவிக்காமல் விளிம்பு மட்டத்துக்கு எடுத்த ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 3 கிராம். இரண்டில் 55 மில்லிகிராம் அளவு கல்சியம், ஒன்றரை கிராம் புரதம். கல்சியம் சேர்க்காத சோயாப் பால் ஒரு கோப்பையின் கல்சியமும் அவ்வளவுதான். உண்மையான ஒரு கோப்பை பாலுக்கு 25 கிராம் மா வேண்டும், அதாவது எட்டு மட்டத் தேக்கரண்டி. 400 கிராம் பக்கற்றில் 16 கோப்பை. ஒரு வீட்டில் நாலு பேருக்கு அந்தப் பக்கற் மூன்று வாரம் ஓடுகிறது என்றால், அங்கே ஒருவரும் பால் குடிக்கவில்லை. தேநீரின் நிறத்தை மாற்றுகிறார்கள். விலை ஒப்பிடும்போதும் பக்கற்றுக்குப் பக்கற் ஒப்பிடாமல் கோப்பைக்குக் கோப்பை ஒப்பிடுங்கள். 400 கிராம் பால்மாவை 16 ஆலும், ஒரு லீற்றர் சோயாப் பாலை 5 ஆலும் பிரித்தால் சரியாகத் தெரியும். ஒரு கிலோ சோயா அவரையிலிருந்து நாற்பது கோப்பைக்கு மேல் வரும்.

தேநீரில் சோயாப் பால் திரிகிறது என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் சூடும் தேயிலைச் சாயத்தின் புளிப்பும் துவர்ப்பும் சேர்வது. குளிர்ந்த பாலைக் கொதிக்கும் சாயத்தில் ஊற்றாமல், பாலை இளஞ்சூடாக்கிக் கோப்பையில் விட்டு, இரண்டு நிமிடம் ஆறிய சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் ஊற்றினால் பெரும்பாலும் திரியாது. சோயாவின் இரும்புச் சத்துக்காகக் குடிப்பவர்கள் தேநீரோடு சேர்க்காமல் குடிப்பது நல்லது. சாயம் அந்த இரும்பைக் கட்டிவிடும்.

சிறிய பக்கற்றுகளில் வரும் வனிலா, சொக்லேற் வகைகளில் சீனிக் கணக்கை இப்படிப் பாருங்கள். 100 மில்லிலீற்றருக்குச் சர்க்கரை 8 கிராம் என்று இருந்தால், 180 மில்லிலீற்றர் பக்கற்றில் 14 கிராமுக்கு மேல். சோயாவானால் அநேகமாக முழுவதும் சேர்த்த சீனி, மூன்றரைத் தேக்கரண்டி. பசுப் பாலானால் 100 மில்லிலீற்றருக்கு நாலரை கிராம் வரை லக்டோஸ், மீதிதான் சேர்த்தது. ஒரே எண், இரண்டு பொருள். பாடசாலைப் பைக்குள் தினமும் போகும் பக்கற் என்பதால் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

குழந்தைகள் விடயத்தில் தயக்கமில்லாமல் சொல்ல வேண்டியது: ஒரு வயதுக்குள் பசுப் பாலும் சோயாப் பாலும் தாய்ப் பாலுக்கு மாற்றாகாது. கடையில் விற்கும் சோயாப் பானமும் வீட்டில் வடித்ததும் சோயாக் குழந்தைப் பால்மா அல்ல. பெயர் ஒத்திருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் குழந்தை மெலிந்து நோயாகும். பசுப் பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது; மாற்றுவதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் பசுப் பால் நல்லதுதான், ஆனால் ஒரு நாளுக்கு அரை லீற்றரைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் வயிறு பாலால் நிரம்பி, இரும்புள்ள சாப்பாட்டுக்கு இடமில்லாமல் இரத்தச்சோகை வரும்.

பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்பது நம்மவர்களில் மிகச் சாதாரணம். வளர்ந்தபின் லக்டோஸைச் சமிக்கச் செய்யும் நொதியம் குறைவதே காரணம். இதற்காகப் பாலை முற்றாக விட வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களிலும் பெரும்பாலானோர் ஒரு தடவைக்கு ஒரு கோப்பை அளவைச் சாப்பாட்டோடு தாங்குவார்கள். தயிரில் லக்டோஸ் குறைவு, கல்சியம் அப்படியே இருக்கும். அதுவும் ஒத்துவராதவர்களுக்குக் கல்சியம் சேர்த்த சோயாப் பால் நல்ல தெரிவு.

ஆண்பிள்ளைகளுக்குக் கூடாது என்பவர்களின் ஹோர்மோன் பயத்துக்கு அதிக இடம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பை சோயாப் பால் ஆண்களின் ஹோர்மோனை மாற்றுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கொலஸ்ட்ரோல் இறங்கும் என்ற விளம்பரத்தையும் அளவோடுதான் எடுக்க வேண்டும்: ஆய்வுகளில் பேசப்படும் 25 கிராம் சோயாப் புரதத்துக்கு நாலு கோப்பை வேண்டும், அப்போதும் இறக்கம் சில வீதம்தான். தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் குளிசை எடுப்பவர்கள்தான் உண்மையில் கவனிக்க வேண்டும். சோயாவும் கல்சியமும் அந்த மருந்தின் உறிஞ்சலைக் குறைக்கும். குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, பால் எதுவானாலும் நன்றாக இடைவெளி விட்டே குடியுங்கள். கல்சியம் குளிசைக்கு நாலு மணித்தியால இடைவெளி. கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் பாலோடு விழுங்கக் கூடாது. சிறுநீரக நோயாளர்கள் பொஸ்பேற்று சேர்த்த சோயாப் பாலுக்குத் தாமாக மாற வேண்டாம்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். பால் பானம் எதைப் பற்றி எழுதினாலும் 100 மில்லிலீற்றருக்குப் புரதம், கல்சியம், சேர்த்த சீனி, பி12 ஆகிய நாலு எண்களையும் கட்டுரையோடு பிரசுரியுங்கள். உற்பத்தியாளர்களிடமும் இறக்குமதியாளர்களிடமும் கேட்பது, சத்து அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கக்கூடிய எழுத்தில் அச்சிட்டு, கல்சியம் சேர்க்காத சோயாப் பாலில் அதை முன்பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பதே.

இங்ஙனம்,
போசாக்குத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
கொழும்பு 6.